நெதர்லாந்தில் முதல் முறை 'ஷினேஸ்' கடைக்குப் போகிறவர்களுக்கு

வேலைக்கோ படிப்புக்கோ நெதர்லாந்து வந்து சேர்ந்த நம்மவர்கள் முதல் சில வாரங்களிலேயே பார்த்துவிடும் கடை ஒன்று உண்டு. சின்ன ஊராக இருந்தாலும் கடைத்தெருவில் எங்காவது ஓரத்தில் அது இருக்கும். சிவப்பு விளக்கு, டிராகன் படம், 'பீக்கிங்' என்றோ 'பெருஞ்சுவர்' என்றோ ஒரு பெயர். அதற்குக் கீழே 'ஷினேஸ்-இன்டிஸ் ரெஸ்டாரன்ட்' என்று எழுதியிருக்கும். உள்ளூர்க்காரர்கள் சுருக்கமாக 'ஷினேஸ்', அதாவது 'சீனம்', என்பார்கள். "இன்றைக்கு ஷினேஸ்" என்று ஒரு வீட்டில் சொன்னால், இன்றைக்கு அடுப்பு பற்ற வைக்கவில்லை என்று பொருள்.

'இன்டிஸ்' என்பதைப் பார்த்து இந்தியச் சாப்பாடு என்று நினைத்து உள்ளே போய்விட வேண்டாம். டச்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் இன்றைய இந்தோனேசியாவுக்கு வைத்திருந்த பெயரிலிருந்து வந்தது அது. நம் நாட்டு உணவகம் என்றால் பலகையில் 'இன்டியாஸ்' என்று இருக்கும். இரண்டும் நெருக்கமான சொற்கள், எழுத்தைக் கவனித்துப் படியுங்கள்.

இங்கே போகும் புதியவர்கள் பெரும்பாலும் ஏமாற்றத்தோடு திரும்புவதற்கு ஒரே காரணம், மனதில் வேறொரு சாப்பாட்டை வைத்துக்கொண்டு போவதுதான். ஜகார்த்தாவில் சாப்பிட்டவர் ஜகார்த்தாவை எதிர்பார்க்கிறார். சென்னையில் சில்லி சிக்கன் சாப்பிட்டவர் அந்தக் காரத்தை எதிர்பார்க்கிறார். ஷினேஸ் சமையல் இரண்டிலும் சேராது. கோபி மஞ்சூரியனைச் சீனாவில் தேடினால் எப்படிக் கிடைக்காதோ, அப்படித்தான் இதுவும்: சீனச் சமையல்காரர்கள், இந்தோனேசியப் பெயர்கள், டச்சு நாக்கு மூன்றும் சேர்ந்து இந்த மண்ணிலேயே உருவான சாப்பாடு. அதை அதுவாகவே எடுத்துக்கொண்டால், சரியாகச் சொல்லி வாங்கவும் தெரிந்துகொண்டால், குளிர்கால மாலைக்கு இதைவிட ஆறுதலான சாப்பாடு இந்த நாட்டில் அதிகம் இல்லை என்பேன்.

எப்படி வந்தது இந்தக் கலவை

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பலில் வேலை செய்த சீனர்கள் ராட்டர்டாமின் காட்டன்ட்ரெக்ட் பகுதியிலும் ஆம்ஸ்டர்டாமிலும் தங்கினார்கள். அவர்களுக்குச் சோறு போடத்தான் முதல் சீனச் சாப்பாட்டுக் கடைகள் திறந்தன. 1930களின் பொருளாதார மந்தத்தில் கப்பல் வேலை போனதும், அவர்களில் பலர் கடலை மிட்டாய் செய்து தெருவில் விற்றுப் பிழைத்தார்கள்.

திருப்பம் 1949 டிசம்பர் 27. இந்தோனேசியாவின் இறையாண்மையை டச்சு அரசு முறைப்படி ஒப்படைத்த நாள். அதையொட்டிய ஆண்டுகளில் ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் அந்தத் தீவுகளிலிருந்து நெதர்லாந்துக்கு வந்தார்கள். கலப்புக் குடும்பங்கள், டச்சு அதிகாரிகள், இந்தோனேசியச் சீனர்கள் எல்லாரும் அதில் அடக்கம். சுதந்திரப் போரை அடக்க அனுப்பப்பட்ட லட்சத்துக்கும் மேற்பட்ட டச்சுச் சிப்பாய்களும் நாசி என்ற வறுத்த சோற்றையும் பாமி என்ற நூடுல்ஸையும் சாப்பிட்டுப் பழகித் திரும்பினார்கள். இவர்கள் எல்லாருக்கும் அந்தச் சாப்பாடு வேண்டியிருந்தது. அதைச் செய்து தரக் கடை வைத்திருந்தவர்கள் சீனர்கள். அவர்கள் தங்கள் பட்டியலில் நாசி கோரெங், சாத்தே (குச்சியில் கோத்த இறைச்சி), சம்பல் (மிளகாய் விழுது) எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டார்கள். பின்னால் ஹாங்காங்கிலிருந்து வந்த குடும்பங்கள் ஊர் ஊராகக் கடை திறந்தன. அதுவரை வெளியில் சாப்பிட்டே பழக்கமில்லாத எத்தனையோ டச்சுக் குடும்பங்களுக்கு முதல் உணவகம் இதுதான்.

2021இல் இந்தக் கடைகளின் பண்பாட்டை நெதர்லாந்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். அதே சமயம் கடைகள் குறைந்துகொண்டும் வருகின்றன. பெற்றோர் சமையலறையில் நின்று படிக்கவைத்த பிள்ளைகள் வேறு வேலைகளுக்குப் போய்விட்டார்கள். அதனால் உங்கள் தெருவில் ஒன்று இருந்தால், ஒரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல் போய் வாருங்கள்.

எந்தக் கடை, எந்த நேரம்

ஒரே மாதிரி தோன்றும் நான்கு வகைக் கடைகள் உண்டு. ஷினேஸ்-இன்டிஸ் ஒன்று. 'டோகோ' என்பது இந்தோனேசியச் சாப்பாட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்கும் சின்னக் கடை. சோற்றோடு இரண்டு மூன்று கறிகளைக் கைகாட்டி வாங்கலாம், ருசி இந்தோனேசியாவுக்கு மிக நெருக்கம். 'ரெய்ஸ்டாஃபெல்' என்று பல கிண்ணங்களில் சோறும் கறிகளும் பரப்பும் இந்தோனேசிய உணவகம் இன்னொன்று. அதற்கு நேரமும் பணமும் கூடுதலாக வேண்டும். நான்காவது, ஒரு விலை கொடுத்து வேண்டியதை எடுத்துச் சாப்பிடும் வோக் உணவகம். இந்தக் கட்டுரை முதல் வகையைப் பற்றியது. நல்ல காரம்தான் வேண்டும் என்பவர்கள் நேராக டோகோவுக்குப் போகலாம், அதில் தவறில்லை. ஹேக் நகரில் இருப்பவர்களுக்கு டோகோவுக்குப் பஞ்சமே இல்லை.

நேரம் முக்கியம். டச்சுக்காரர்கள் இரவுச் சாப்பாட்டை ஆறு மணிவாக்கிலேயே சாப்பிடுபவர்கள். நம் வழக்கப்படி ஒன்பது மணிக்குக் கிளம்பினால் பல ஊர்களில் சமையலறையைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் உண்டு, அது பெரும்பாலும் திங்களோ செவ்வாயோ. வெள்ளி, ஞாயிறு மாலைகளில் ஆறு மணியை ஒட்டிக் கூட்டம் நெரியும். முதல் முறை போகிறவர் ஐந்து மணிக்குப் போனால், கவுன்டரில் இருப்பவருக்கும் நின்று பேச நேரம் இருக்கும்.

உட்காருவதா, எடுத்துப் போவதா

பல கடைகளில் இரண்டு வாசல் இருக்கும், அல்லது ஒரே வாசலுக்குள் இரண்டு பக்கம் இருக்கும். ஒரு பக்கம் மேசை விரிப்போடு சாப்பாட்டுக் கூடம். மறுபக்கம் 'அஃப்ஹாலன்' என்று எழுதிய பார்சல் கவுன்டர், அதன் முன்னால் காத்திருக்க ஒரு பெஞ்சு. ஒரே உணவுக்கு இரண்டு பக்கமும் வெவ்வேறு விலை இருக்கலாம், பார்சல்தான் மலிவு. பெரும்பாலான உள்ளூர்க்காரர்கள் பார்சல் பக்கம்தான் நிற்பார்கள்.

ஆனாலும் முதல் முறை உட்கார்ந்து சாப்பிடச் சொல்வேன். மேசைக்கு முதலில் வருவது உணவு அல்ல, உலோகத்தாலான சூட்டுத் தட்டு. அதற்குள் சின்ன மெழுகுவர்த்திகளை ஏற்றிவைப்பார்கள். சோறும் கறியும் எவர்சில்வர் பாத்திரங்களில் வந்து அதன் மேல் உட்காரும். எல்லாரும் நடுவிலிருந்து எடுத்துப் பகிர்ந்து சாப்பிடும் வழக்கம் நமக்குப் பழகியது; டச்சு மேசைகளில் அது அபூர்வம். ஆளுக்கொரு தட்டு என்று பிரித்துக் கொடுக்கும் நாட்டில் இந்த ஒரு கடையில்தான் வீட்டில் சாப்பிடுவது போலச் சாப்பிட முடிகிறது என்று எனக்குத் தோன்றும்.

பார்சல் வாங்குவதானால், வீட்டிலிருந்து டப்பா கொண்டுபோகலாமா என்று கேட்டுப் பாருங்கள். ஒரு காலத்தில் இங்கே வீட்டுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய்த்தான் வாங்கினார்கள். 2023இல் பிளாஸ்டிக் டப்பாவுக்குத் தனிக் காசு வசூலிக்கும் விதி வந்த பிறகு அந்தப் பழக்கத்துக்கு மறுபடி ஒரு பயன் கிடைத்தது.

பட்டியலைப் படிப்பது

பட்டியல் நீளமாக இருக்கும். பயப்பட வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. எண்ணைச் சொன்னால் போதும், உச்சரிப்பைப் பற்றிக் கவலை இல்லை. டச்சுக்காரர்களும் "நாற்பத்திரண்டு, ஒன்று" என்றுதான் சொல்வார்கள்.

பெயர்களைப் படிக்க ஒரு சின்னத் திறவுகோல்: இவை பழைய டச்சு முறையில் எழுதப்பட்டவை. ஓ, ஈ என்ற இரண்டு ரோமன் எழுத்தும் சேர்ந்து வந்தால் 'ஊ'. டி (t), ஜே (j) சேர்ந்தால் 'ச'. ஜே தனியாக வந்தால் 'ய'. இது தெரிந்தால், இந்தோனேசியாவிலோ மலேசியாவிலோ இருந்தவர்களுக்குப் பாதிப் பட்டியல் தானாகவே புரியும்.

அப்புறம் சில சொற்களை மனதில் வைத்துக்கொண்டால் போதும். பாபி என்றால் பன்றி. டாகிங் என்றால் பெரும்பாலும் மாடு. ஆயாம் கோழி, ஈக்கான் மீன், ஊடாங் இறால், டெலோர் முட்டை, சாயூர் காய்கறி, டாஹூ என்பது டோஃபு. கோரெங் என்றால் வறுத்தது அல்லது பொரித்தது. நாசி சோறு, பாமி கோதுமை நூடுல்ஸ், மிஹூன் சேமியா போல மெலிந்த அரிசி நூடுல்ஸ். இலங்கையில் வளர்ந்தவர்களுக்கு நாசி கோரெங், சம்பல், அச்சாறு எல்லாம் ஏற்கெனவே வாயில் பழகிய பெயர்கள்தான்.

கறி எதை வாங்கினாலும் அதோடு வெள்ளைச் சோறு சேர்ந்தே வருவதுதான் வழக்கம். அதற்குப் பதில் நாசியோ (இங்கே வறுத்த சோறு) பாமியோ வேண்டும் என்றால் கொஞ்சம் கூடுதல் காசு. அதனால் தனியாகச் சோறு சொல்லிவிடாதீர்கள், மலைபோல் வந்துவிடும். அளவும் அப்படித்தான்: ஒருவருக்கு என்று வாங்கும் கறியும் சோறும் சாதாரணப் பசியுள்ள இருவருக்குப் போதும். நான்கு பேர் போனால் மூன்று கறி வாங்குங்கள்.

சாப்பிடாதவற்றைத் தவிர்ப்பது

இந்த இடத்தில் நிதானம் தேவை, ஏனென்றால் பெயரில் இல்லாதது தட்டில் இருக்கும். நாசியிலும் பாமியிலும் பொடியாக நறுக்கிய பன்றித் தொடைக்கறி, அதாவது 'ஹாம்', கலந்திருப்பது சாதாரணம். 'ஸ்பெஷால்' என்று பெயரில் இருந்தால் கட்டாயம் கேளுங்கள். லும்பியா என்ற பெரிய சுருளுக்குள்ளும் முளைகட்டிய பயறோடு இறைச்சி இருக்கும். சாத்தே என்று மட்டும் எழுதியிருந்தால் எது என்று கேட்க வேண்டும்; கோழி வேண்டுமென்றால் 'சாத்தே ஆயாம்' என்று சொல்லுங்கள்.

பன்றி வேண்டாம் என்பதற்கு "ஸோண்டர் ஃபார்கன்ஸ்ஃப்லேஸ்", மாடு வேண்டாம் என்பதற்கு "ஸோண்டர் ருந்த்ஃப்லேஸ்", எந்த இறைச்சியும் வேண்டாம் என்பதற்கு "ஸோண்டர் ஃப்லேஸ்". ஹலால் கடைகள் சில உண்டு, பெரும்பான்மை அப்படி இல்லை. வாசலில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

சைவக்காரர்கள் 'இறைச்சி இல்லாமல்' என்று சொல்லி நிறுத்தினால் போதாது. க்ரூபுக் எனும் அப்பளம் இறாலில் செய்தது. டிராசி எனும் இறால் விழுது பாஜாக் சம்பலிலும், சில கடைகளின் கடலைச் சாஸிலும் சேரும். காய்கறி வதக்கலில் கோழிச் சாறோ சிப்பிச் சாஸோ விழலாம். மீன், இறால், முட்டை என்று தனித்தனியாகச் சொல்லிக் கேளுங்கள். இறைச்சி இல்லாத சாப் சோய் எனும் காய்கறி வதக்கல், டாஹூ, டெம்பே எனும் புளிக்கவைத்த சோயாக் கட்டி, வெள்ளைச் சோறு என்று வாங்கினால் ஒரு வேளை நன்றாகவே போகும். ஆனால் எல்லாம் அதே வாணலியில்தான் சமைக்கப்படும். அது உறுத்துகிறவர்கள் வேறு கடை பார்ப்பதே நல்லது.

நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் உட்காரும் முன்பே சொல்லிவிடுங்கள். இங்கே கடலை இல்லாத மூலை குறைவு. பட்டியலிட்ட 14 ஒவ்வாமைப் பொருள்களில் எது எந்த உணவில் இருக்கிறது என்று சொல்ல வேண்டியது ஐரோப்பியச் சட்டப்படி கடையின் கடமை. தயங்காமல் கேளுங்கள்.

என்ன வாங்கலாம்

இந்தச் சமையலின் ரகசியம் சாஸ்தான். பட்டியலில் நூறு பெயர் இருந்தாலும் பெரும்பாலானவை மூன்று குடும்பங்களுக்குள் அடங்கிவிடும். ஒன்று, தக்காளியில் செய்த சிவப்புச் சாஸ்: இனிப்பும் புளிப்பும். இரண்டு, பழுப்பு நிறக் கடலைச் சாஸ்: கெட்டியாக, கொஞ்சம் இனிப்பாக. மூன்று, காய்கறியோடு வாணலியில் புரட்டிய நிறமற்ற மெல்லிய சாஸ்: உப்பும் பூண்டும் மட்டும் தெரியும். ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் ஒன்று எடுங்கள். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் சாப்பாடு தப்பாது. புதியவர்கள் விளக்கத்தைப் படிக்காமல் மூன்று கறி வாங்கி, மூன்றும் ஒரே சிவப்பில் மிதந்து வருவதை அடிக்கடி பார்க்கலாம். அரைத் தட்டிலேயே திகட்டிவிடும்.

சிவப்பில் ஊரறிந்தது பாபி பங்காங். வாட்டிய பன்றிக்கறித் துண்டுகள், அடியில் புளிக்கவைத்த கோஸ், மேலே அந்தச் சாஸ். சுமத்ராவின் வடக்கே பாத்தாக் மக்கள் இதே பெயரில் செய்வது வேறு ருசி; இங்கே கிடைப்பது நெதர்லாந்தின் சொந்தப் பிள்ளை. ஒவ்வொரு கடைக்கும் ஒரு கைப்பக்குவம் உண்டு, எந்தக் கடைச் சாஸ் உயர்ந்தது என்று அக்கம்பக்கத்தில் கட்சி கட்டிப் பேசுவார்கள். பன்றி சாப்பிடாதவர்களுக்கு ஆயாம் பங்காங் அல்லது ஃபூ யோங் ஹாய். இரண்டாவது, காய்கறியோ கோழியோ வைத்துத் தடிமனாகச் செய்த முட்டை அடை, அதன் மேல் சிவப்புச் சாஸ். குழந்தைகளுக்கு இது உடனே பிடித்துவிடும். கூ லூ யூக் என்பதும் இதே குடும்பம்: மாவில் தோய்த்துப் பொரித்த பன்றி உருண்டை.

பழுப்பில் சாத்தே ஆயாம். இந்தோனேசியாவில் குச்சியில் கோப்பது சின்னச் சின்னத் துண்டு. இங்கே துண்டுகள் பெரிது, சாஸும் தாராளம். காய்கறி வேண்டுவோர்க்கு காடோ காடோ: அவித்த கோஸ், பீன்ஸ், பயறு முளை, முட்டை, மேலே கடலைச் சாஸ்.

மூன்றாவதில் சாப் சோய். பார்க்க எளிமை. ஆனால் சமையல்காரரின் கையை எடைபோட இதுவே சரியான உணவு. நல்ல கடையில் கோஸும் கேரட்டும் காளானும் கடித்தால் நறுக்கென்று இருக்கும், வாணலியின் சூட்டு வாசம் அதில் ஏறியிருக்கும். தண்ணீர் விட்டுக் குழைந்து வந்தால் அந்தக் கடைக்கு மறுபடி போக வேண்டியதில்லை.

இந்த மூன்றையும் தாண்டி, நம் நாக்குக்கு நான் பரிந்துரைப்பது ஆயாம் ரூஜாக். தேங்காய்ப்பாலும் மிளகாயும் சேர்ந்த கோழிக் கறி, வெள்ளைச் சோற்றில் பிசைந்தால் வீட்டுக் குழம்புக்கு அருகில் வரும். பட்டியலில் 'பிகான்ட்' என்று குறித்திருந்தால் காரம் என்று பொருள், ஆனால் அது டச்சுக் காரம், கவலைப்படாமல் வாங்கலாம்.

இருவருக்கு, மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துப்போகும் அளவில், ஒரு முழு யோசனை: ஃபூ யோங் ஹாய் வெள்ளைச் சோற்றோடு, சாப் சோய் பாமியோடு, பக்கத்தில் சாத்தே ஆயாம் சில குச்சிகள். சூப் வேண்டாம். இனிப்புத் தக்காளி சூப்புக்கு இங்கே ரசிகர்கள் ஏராளம் என்றாலும், அதைக் குடித்துவிட்டுச் சிவப்புச் சாஸுக்கு வந்தால் இனிப்பின் மேல் இனிப்பாகிவிடும்.

தட்டில் போட்ட பிறகு

கவுன்டரிலோ மேசையிலோ "சம்பல் பெய்?" என்று கேட்பார்கள். சம்பலும் வேண்டுமா என்று பொருள். "யா" என்று சொல்லிவிடுங்கள். அது இல்லாமல் இந்தச் சாப்பாடு நமக்கு முழுமையாகாது. ஊலெக் சம்பல் என்பது அரைத்த மிளகாயும் உப்பும், நேரடிக் காரம். பாஜாக், வெங்காயம் சேர்த்து வதக்கியது. காரம் மெதுவாக ஏறும். மானிஸ் என்றால் இனிப்பு, அதை விட்டுவிடலாம். சம்பலைச் சோற்றில் கலந்துவிடாமல் தட்டோரம் வைத்து, ஒவ்வொரு வாய்க்கும் கொஞ்சமாகத் தொட்டுக்கொள்ளுங்கள்.

கடலைச் சாஸையும் சிவப்புச் சாஸையும் தட்டில் சேரவிடாதீர்கள். சோற்றை நடுவில் அணைபோல வைத்து, இருபுறமும் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொள்வது நல்லது. அச்சார் என்ற ஊறுகாய்க் காய்கறி சின்னக் கிண்ணத்தில் வந்தால் ஒதுக்க வேண்டாம். எண்ணெயும் இனிப்பும் சேர்ந்த வாய்க்கு அந்தப் புளிப்பு அவசியம். கரண்டியும் முள்கரண்டியும்தான் வைப்பார்கள். குச்சி வேண்டுமென்றால் கேட்கலாம், ஆனால் சாஸில் நனைந்த சோற்றுக்குக் கரண்டிதான் வசதி.

இனிப்புக்கு பிசாங் கோரெங் இருக்கும், மாவில் தோய்த்துப் பொரித்த வாழைப்பழம். கிடைத்தால் ஸ்பெக்கூக் ஒரு துண்டு வாங்குங்கள். கிராம்பும் ஏலக்காயும் மணக்க, ஒவ்வொரு மெல்லிய அடுக்காகச் சுட்டெடுத்த கேக் அது. பெயரில் 'ஸ்பெக்' என்று பன்றிக் கொழுப்புக்கான சொல் இருப்பதைப் பார்த்துச் சிலர் ஒதுங்குகிறார்கள். அடுக்குகளின் தோற்றத்துக்காக வைத்த பெயர்தான், உள்ளே இறைச்சி எதுவும் கிடையாது. முட்டை நிறைய உண்டு.

காசு கொடுக்கும்போது

சின்ன ஊர்க் கடைகளில் வங்கி அட்டை செல்லும், கடன் அட்டை செல்லாமல் போகலாம். வந்த புதிதில் உள்ளூர் வங்கிக் கணக்கு இன்னும் திறக்காதவர்கள் கொஞ்சம் ரொக்கம் வைத்திருங்கள். டிப்ஸ் கட்டாயமில்லை; உட்கார்ந்து சாப்பிட்டால் சில்லறையை முழுத் தொகையாக்கி விட்டுவருவது வழக்கம். மிச்சமானதைக் கட்டித் தரச் சொன்னால் தயங்காமல் டப்பாவில் போட்டுத் தருவார்கள்.

அதே கடைக்கு இரண்டாம் முறை போகும்போது, கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து ஒன்று கேளுங்கள்: சீன மொழியில் தனிப் பட்டியல் இருக்கிறதா, அல்லது வீட்டுக்காரர்கள் தங்களுக்கென்று சமைத்துக்கொள்வது ஏதாவது கிடைக்குமா என்று. சில குடும்பங்கள் கான்டனீஸ் முறையில் ஆவியில் வேகவைத்த மீனோ, பூண்டு போட்டு வதக்கிய கீரையோ செய்து தருவார்கள். இஞ்சி, வெங்காயத்தாள், சுடச்சுட எண்ணெய் ஊற்றிய அந்த மீனுக்கு வெள்ளைச் சோறு மட்டும் வாங்குங்கள். நாசியோ பாமியோ வேண்டாம்.